மறு: கண் முகாம் வசூல் (கணக்கு கேட்ட அண்ணனுக்கு)

எல்லாருக்கும் வணக்கம்.

பர்மாவில் நம் ஊரில் அடுத்த கண் முகாமுக்கு வசூல் என்றதும், போன முகாமின் கணக்கு எங்கே என்று பாங்காக் அண்ணன் கேட்டது நியாயம்தான். போன முகாமில் பந்தல், பேனர், பிரியாணி போக மிச்சம் என்ன என்று இன்றுவரை யாரும் எழுதவில்லை. செயலாளர் எழுதட்டும். தேர்க் கணக்கை மட்டும் இதில் இழுக்காதீர்கள், பினாங்கு மச்சான் மறுபடி குழுவை விட்டுப் போய்விடுவார்.

தீமிதிக்கு ஊருக்குப் போனபோது பால்கார அத்தையைப் பார்த்தேன். பக்கத்தில் போய் நின்றது அவருக்குத் தெரியவே இல்லை. எதிரே வந்ததும் "வாடா" என்றார். டீ கிளாஸை நேரே வைத்தால் எடுக்கிறார், ஓரமாக வைத்தால் கை தடவுகிறது. "புரைதான், முகாம் வந்தா எடுத்துருவாங்க" என்று தைரியமாக இருந்தார். ரங்கூனில் காட்டினோம். புரை இல்லை, கண் அழுத்தம் (கிளாக்கோமா).

கண் அரிப்புக்கென்று கடையில் வாங்கிய சொட்டு மருந்தை வருஷக்கணக்காக விட்டிருக்கிறார். அதில் ஸ்டீராய்டு. சொட்டு விட்டதும் சிவப்பு அடங்கிவிடும், ஆனால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பைக் கெடுக்கும், வலியே தெரியாது. புரை என்றால் லென்ஸ் வைத்துப் பார்வையைத் திருப்பலாம். இதில் நரம்பு போனது போனதுதான், மிச்சத்தைத்தான் காப்பாற்ற முடியும். போன முகாமில் கண்ணாடி கொடுத்துப் போட்டோ எடுத்தோமே, அந்த வரிசையில் அத்தையும் நின்றார். அழுத்தம் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

"ஊரில் கண் நோய் என்று வெளியில் சொன்னால் ஊருக்குக் கேவலம்" என்கிற பெரியப்பாவுக்கு ஒன்று. 1964 என்றால் நமக்கு 50, 100 கியாட் நோட்டு செல்லாமல் போனதும், நம் சனம் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியதும்தான் ஞாபகம். பர்மாவில் ட்ரக்கோமா (இமையைக் கெடுத்துப் பார்வையைப் பறிக்கும் தொற்று நோய்) ஒழிப்புத் திட்டம் வந்ததும் அதே வருஷம்தான். எங்கள் அப்பத்தாவுக்கு அந்த நோயால்தான் இமை உள்ளே மடங்கி முடி குத்தும். வெளிச்சத்தில் உட்காரவைத்துச் சாமணத்தால் பிடுங்குவது சின்ன வயதில் என் வேலை. 2020-ல் பர்மாவில் அது பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஒரு நாள் பந்தல் போட்டு நடந்த காரியமா அது?

மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில், முகாமில் ஆபரேஷன் தேவை என்று கண்டவரை அன்றே பஸ்ஸில் ஏற்றிப் போய், சாப்பாடு போட்டு, ஊரில் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். நம் பணமும் அந்த வழிக்கே போகட்டும்: ரங்கூனுக்கு வேன், துணைக்கு வருபவருக்குச் சாப்பாடு, மறு பரிசோதனைக்கு இன்னொரு நடை. 40 தாண்டியவர்களுக்குக் கண் அழுத்தம் பார்க்கவேண்டும், சர்க்கரைக்காரருக்கு வருஷா வருஷம் விழித்திரையும். பேனர் வேண்டாம். வேன் ரசீது நேரே பாங்காக் அண்ணனுக்கே போகட்டும்.

அப்புறம், அத்தை மகன் இந்தக் குழுவில்தான் இருக்கிறான், வாசிக்கிறான் என்றும் தெரியும். தம்பி, வேலித் தகராறு உங்க அப்பாவோடும் எங்க அப்பாவோடும் போகட்டும். அத்தைக்கு அழுத்த மருந்து ஒரு நாளும் நிற்கக்கூடாது. இதுவரை நான் வாங்கினேன், அடுத்த பாட்டில் நீ வாங்கு.