முழுவிலையா, மணிக்கூலியா? தனிவடிவ மோட்டார் சைக்கிள் பட்டறைக் கணக்கு குறித்த விவாதம்

துருப்பிடித்த நட்டு:
தனிவடிவ மோட்டார் சைக்கிள் செய்து தரும் சிறு பட்டறைகள், வண்டியைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே மொத்த வேலைக்கும் ஒரே விலை சொல்லும் வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்பது என் கருத்து. வாடிக்கையாளர் ஒரு படத்தைக் காட்டி, இதேபோல் வேண்டும், எவ்வளவு ஆகும் என்று கேட்கிறார். படத்தில் தெரிவது இருக்கையும் டேங்கும் அகன்ற பின்டயரும் மட்டுமே. அந்த டயருக்கு, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் அகலம் போதுமா, செயின் டயரில் உரசாமல் இருக்க செயினை இழுக்கும் பல்சக்கரமான முன் ஸ்ப்ராக்கெட்டை எவ்வளவு வெளியே தள்ள வேண்டும், அப்படித் தள்ளினால் கியர்பாக்ஸின் வெளித்தண்டு பேரிங் மீது ஏறும் கூடுதல் சுமைக்கு என்ன வழி என்பதெல்லாம் படத்தில் இல்லை. பழைய வண்டி என்றால் இன்னும் சிக்கல். யாரோ பூசி மறைத்த பட்டியைச் சுரண்டிய பிறகே டேங்கின் அடியில் துரு தின்ற ஓட்டை தெரியவரும். முதல் நாளே விலை சொன்னவர் அந்த ஓட்டையைத் தன் கைக்காசில் அடைக்கிறார். வேலை நேரத்தையும் பொருள் செலவையும் தனித்தனியே எழுதி, வாரந்தோறும் கணக்கு அனுப்புவதே முறை.

நேர்கோடு:
நண்பரின் வாதத்தில் ஒரு பாதிதான் இருக்கிறது. மணிக்கூலி முறையில் பட்டறையின் தடுமாற்றத்துக்கும் வாடிக்கையாளரே பணம் கொடுக்கிறார். டங்ஸ்டன் முனையால் உலோகத்தை உருக்கி ஒட்டும் டிக் வெல்டிங் இன்னும் கைக்கு வராத ஒருவர், ஒரே இணைப்பை மூன்று முறை அரைத்து எடுத்துவிட்டு மறுபடி போட்டால், அந்தப் பயிற்சிக்கான கட்டணம் யார் தலையில் விழுகிறது?

எதிர்பாராதது என்று நாம் சொல்பவற்றுள் பெரும்பகுதி, தொழில் தெரிந்தவர் எதிர்பார்த்திருக்க வேண்டியதே. இன்ஜினின் உறிஞ்சலால் உள்ளே ஸ்லைடு தானே உயரும் சி.வி. கார்புரேட்டர் உள்ள வண்டியில், காற்று வடிகட்டி இருக்கும் ஏர்பாக்ஸைக் கழற்றிவிட்டுத் தனித்தனிக் கூம்பு வடிகட்டிகளை மாட்டினால் காற்றோட்டம் மாறும், ஸ்லைடு ஒழுங்காக உயராது, பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டையும் ஊசியின் உயரத்தையும் மாற்றிமாற்றிப் பார்க்க வேண்டியிருக்கும். இதை விலைக்குள் சேர்க்காதவர் வேலை தெரியாதவர். அவருக்கு மணிக்கூலி ஒரு பாதுகாப்புக் கவசம், அவ்வளவே.

வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. நார்ட்டன் நிறுவனத்தின் ஃபெதர்பெட் ஃபிரேம் 1950இல் பந்தய வண்டிகளில் வந்தது. பின்னர் அதில் டிரையம்ஃப் இன்ஜினைப் பொருத்தி ‘டிரைட்டன்’ கட்டும் பழக்கம் பிரிட்டனில் பரவியபோது, அதற்கான இன்ஜின் தாங்கித் தகடுகள் ஆயத்தமாகவே விற்பனைக்கு வந்தன. ஒரே சேர்க்கையைத் திரும்பத் திரும்பச் செய்தால் எங்கே இடிக்கும் என்பது தெரிந்துவிடும்; தெரிந்த வேலைக்கு விலை சொல்லத் தயங்க வேண்டியதில்லை. சிறு பட்டறை நான்கைந்து மாடல்களோடு நின்றுகொள்ளட்டும்.

காத்திருப்பவன்:
நான் பட்டறை நடத்துபவன் அல்லன். வண்டியைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவன். வாரக் கணக்கு தவறாமல் வந்தது, வண்டிதான் வரவில்லை. மலிவான விலையை நான் கேட்கவில்லை. எந்த எல்லையைத் தொட்டால் என்னைக் கேட்காமல் வேலை மேலே நகராது என்பதை மட்டும் எழுதித் தந்திருந்தால் போதும்.

துருப்பிடித்த நட்டு:
எல்லை வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நேர்கோடு அவர்கள் சொல்லும் டிரைட்டன் வழி எனக்கு ஏற்புடையதன்று. நான்கைந்து மாடல்களைத் திரும்பத் திரும்பச் செய்வது நல்ல வியாபாரமாக இருக்கலாம். ஆனால் தன் தந்தையின் பழைய வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறவருக்கு அந்தப் பட்டறையில் இடமில்லை.

அதைவிட முக்கியமானது, முழுவிலை முறையில் கை எங்கே குறுகும் என்பது. பணம் தீர்ந்த நிலையில் யாரும் பெயிண்டில் மிச்சம் பிடிப்பதில்லை, ஏனெனில் பெயிண்ட் கண்ணுக்குத் தெரியும். ஃபிரேமின் வாலை வெட்டி, அந்த முனைகளை இணைக்கும் குழாய் வளையம் வைக்கும்போது, குழாய்க்குள் இன்னொரு குழாய்த் துண்டைச் செருகி, துளைகளின் வழியாகவும் வெல்டு வைத்து, அதன் பிறகே வெளி இணைப்பைச் சுற்றிப் போட வேண்டும். உள்துண்டு இல்லாமல் முனையோடு முனை ஒட்டினாலும், அரைத்து வண்ணம் பூசிய பிறகு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வயரிங்கும் அப்படித்தான். பவுடர் கோட்டிங் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. எர்த் இணைக்கும் இடங்களை முன்கூட்டியே மறைத்துவைக்காமலோ பிறகு சுரண்டி எடுக்காமலோ விட்டால், ஸ்டார்ட்டர் மோட்டாரின் மின்னோட்டம் திரும்பிச் செல்ல கிளட்ச் கேபிளையே வழியாகத் தேடிக்கொள்ளும். அவசரத்தில் முதலில் கைவிடப்படுவது இத்தகைய வேலைதான்.

குழாய் வளைப்பவர்:
நான் பெரும்பாலும் மற்றப் பட்டறைகளுக்கு ஃபிரேம் வேலை மட்டும் செய்து தருபவன். இரு தரப்பினரும் விலையைப் பற்றியே பேசுகிறீர்கள்; விலையை எப்போது சொல்வது என்பதே கேள்வி என்று நினைக்கிறேன். பிரித்துச் சோதிப்பதைத் தனி வேலையாக, தனிக் கட்டணத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சோதனை முடிந்த பிறகு சொல்லும் விலை ஊகமாக இருக்காது.

அடுத்து, வண்ணம் பூசாத வெற்று இரும்பிலேயே முழு வண்டியையும் ஒருமுறை கோத்து, ஓட்டிப் பார்த்து, வாடிக்கையாளரையும் உட்கார வைத்துவிட்டுப் பிறகே பிரித்துப் பூச்சுக்கு அனுப்புங்கள். பூச்சு முடிந்த பிறகு பின்பக்கம் இன்னும் கொஞ்சம் உயரமாக இருந்தால் அழகு என்பார் ஒருவர். நீளமான பின் ஷாக் அப்சார்பரை மாட்டினால் முன் ஃபோர்க்கின் சாய்வு குறையும், முன்டயர் தரையைத் தொடும் இடம் ஸ்டீயரிங் அச்சுக்கோட்டுக்குப் பின்னால் இருக்கும் தூரமான டிரெயிலும் குறையும், வேகத்தில் ஹேண்டில் நிலைகொள்ளாது, சைடு ஸ்டாண்டும் எட்டாது. அழகுக்காகக் கேட்ட ஒன்று நான்கு வேலைகளாக வந்து நிற்கும். இப்படிப்பட்ட மாற்றம் ஒவ்வொன்றுக்கும் தனித்தாளில் கையெழுத்து வாங்காத பட்டறைக்கு எந்தக் கணக்குமுறையும் உதவாது.

நேர்கோடு:
சோதனைக் கட்டணத்தை ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு. பிரித்த வண்டி பெட்டிபெட்டியாகக் கிடக்கும்போது வாடிக்கையாளருக்குப் பேரம் பேசும் வலிமை ஏது? வேறு பட்டறைக்குத் தூக்கிச் செல்லவும் முடியாது. ஆகவே விலை ஒத்துவராவிட்டால் வண்டியைத் திரும்பப் பூட்டித் தருவதும் அந்தக் கட்டணத்துக்குள் அடங்க வேண்டும்.

மறைவான இடத்தில் கைகுறுகும் ஆபத்து மணிக்கூலியிலும் உண்டு. எழுதிய நேரம் உழைத்த நேரம்தானா என்று யார் பார்த்தார்கள்? பூச்சுக்கு முன் ஒவ்வொரு வெல்டையும், உள்துண்டு செருகிய நிலையையும், எர்த் புள்ளிகளையும் படமெடுத்துக் கொடுப்பதைக் கட்டாயமாக்குங்கள். ஏமாற்றைத் தடுப்பது அதுதான், கூலிமுறை அன்று.

துருப்பிடித்த நட்டு:
படங்கள் குறித்துச் சொன்னது சரி, இனி நானும் கொடுக்கிறேன். திரும்பப் பூட்டுவதை மட்டும் முழுமையாக ஏற்க மாட்டேன். இறுகிப்போன போல்ட்டைச் சூடாக்கிக் கழற்றும்போதே அது முறிந்துவிட்டால், துளையிட்டு எடுத்துப் புதிய மரை வெட்டும் வேலையைச் சோதனைக் கட்டணத்துக்குள் அடக்க இயலாது. பூட்டும் கூலி என்னுடையது, முறிந்ததைச் சீராக்குவது உரிமையாளருடையது. சோதனைக்குப் பிறகும் ஃபிரேம், பிரேக், வயரிங் மூன்றுக்கும், காத்திருப்பவர் கேட்ட எல்லையோடு, மணிக்கூலிதான். மற்றவற்றுக்கு முழுவிலை சொல்லிவிடுகிறேன்.

காத்திருப்பவன்:
இதற்கு நான் கையெழுத்திடுவேன். எல்லையைத் தொட்ட பிறகு நான் பதில் சொல்லத் தாமதித்தால், வண்டி பட்டறையில் நிற்கும் நாட்களுக்கு வாடகை உண்டா என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.