ராக்ஸி எப்படிப் பேச வேண்டும்? 'புடன்ஹெட் வில்சன்' ஒலிநூல் பற்றி ஒரு சண்டை

செவிவழி:
மார்க் ட்வெய்னின் 'புடன்ஹெட் வில்சன்' (1894) ஒலிநூலாகப் பல குரல்களில் கிடைக்கிறது. எதைக் கேட்டாலும் ஒரே குறைதான்: ராக்ஸி வாயைத் திறந்தால் காது கூசுகிறது. கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. மிசிசிப்பிக் கரையில், செயின்ட் லூயிஸிலிருந்து நீராவிப் படகில் அரை நாள் இறங்கினால் டாஸன்ஸ் லேண்டிங் என்ற கற்பனை ஊர். 1830. அடிமைப் பெண் ராக்ஸி தன் பிள்ளையையும் எஜமானின் பிள்ளையையும் தொட்டில் மாற்றிப் போடுகிறாள். அடிமைக்குப் பிறந்தவன் டாம் என்ற பெயரில் சின்ன எஜமானாக வளர்கிறான், நிஜ வாரிசு சேம்பர்ஸ் என்ற பெயரில் அடிமையாக. 23 வருடம் கழித்து நீதிபதி டிரிஸ்கல் குத்திக் கொல்லப்படுகிறார். களிமண் மண்டை என்று ஊர் பட்டம் கட்டிய வக்கீல் வில்சன் கைரேகையை வைத்து முடிச்சை அவிழ்க்கிறார். முடிவு வரை பேசப்போகிறோம், படிக்காதவர்கள் இப்போதே விலகிக்கொள்ளுங்கள்.

என் கட்சி இதுதான்: ராக்ஸிக்கு வட்டாரப் பேச்சை நடித்துக் காட்டவே கூடாது. சொல் அச்சில் உள்ளபடி இருக்கட்டும், குரல் வாசிப்பவரின் இயல்பான குரலாக இருக்கட்டும். நடிக்கத் தொடங்கினால் பாதிப் பேர் மின்ஸ்ட்ரல் மேடையில் போய் நிற்கிறார்கள். வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு அடிமைகளைக் கிண்டலடித்த அதே இழுவை.

ரேகை:
வேறு எந்த நாவலுக்காவது இது பொருந்தலாம். இதற்குப் பொருந்தாது. 2ஆம் அத்தியாயத்தை இன்னொரு முறை கேளுங்கள். வில்சன் உள்ளே உட்கார்ந்து சிக்கலான கணக்குப் புத்தகங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வெளியே இரண்டு பேர் தூரத்தில் நின்று கத்திப் பேசிக்கொள்கிறார்கள். ராக்ஸியும் ஜாஸ்பர் என்ற இன்னொரு அடிமையும். அவரைப் போலவே நமக்கும் முதலில் கிடைப்பது குரல் மட்டும். அவர் ஜன்னலுக்குப் போன பிறகுதான் ட்வெய்ன் சொல்கிறார்: பேச்சை மட்டும் கேட்டால் கறுப்பி என்று நினைப்பீர்கள், பார்த்தால் வெள்ளை. பதினாறில் ஒரு பங்குதான் கறுப்பு. அவள் பிள்ளைக்கு முப்பத்திரண்டில் ஒரு பங்கு.

காது ஏமாற வேண்டிய இடம் இது. நீங்கள் சொல்கிறபடி தட்டையாக வாசித்தால் ஏமாறுவதற்கு என்ன இருக்கிறது?

கடைசியையும் பாருங்கள். நிஜ வாரிசுக்குச் சொத்து திரும்பக் கிடைக்கிறது, ஆனால் எழுதப் படிக்கத் தெரியாது, வாயைத் திறந்தால் அடிமைக் குடிசைப் பேச்சு. சமையலறையைத் தவிர எங்கேயும் அவனால் நிம்மதியாக உட்கார முடியவில்லை. ரேகை பிறப்பைச் சொல்கிறது, பேச்சு வளர்ப்பைச் சொல்கிறது. வழக்கில் இரண்டும் சாட்சி. ஒரு சாட்சியின் வாயைக் கட்டிவிட்டுத் தீர்ப்பு கேட்கிறீர்கள்.

எழுத்தெண்ணி:
இருவருமே அச்சில் இருப்பது அப்படியே ஒலி என்று எடுத்துக்கொள்கிறீர்கள். ராக்ஸியின் வரிகளில் வரும் மாற்றெழுத்துகளைப் பிரித்துப் பாருங்கள். 'அண்ட்' என்பதை 'என்' என்றும் 'ஜஸ்ட்' என்பதை 'ஜெஸ்' என்றும் எழுதியிருக்கிறார். வேகமாகப் பேசினால் யேல் பல்கலைக்கழகப் பட்டதாரியும் அப்படித்தான் சொல்வார். கண்ணுக்குத்தான் அது கொச்சை. காதுக்கு வித்தியாசமே கிடையாது. அதையும் அழுத்திப் படிக்கிறபோதுதான் செவிவழி சொல்லும் கோமாளித்தனம் வருகிறது. 'தட்' என்பது 'டாட்' ஆவது, 'கோயிங்' என்பது 'க்வைன்' ஆவது, இவை வேறு வகை. இவை நிஜமான ஒலி மாற்றங்கள், இவற்றை விடக் கூடாது.

அடுத்தது நீதிபதி. அவர் வர்ஜீனியாவின் பழைய குடும்பப் பெருமை பேசுகிறவர். அந்தக் காலத்து வர்ஜீனியப் பண்ணைக் குடும்பங்களிலும் சொல்லின் கடைசி 'ர்' தேய்ந்துதான் ஒலித்தது. ஆனால் ட்வெய்ன் அவருடைய பேச்சை மட்டும் இலக்கணச் சுத்தமாக அச்சிட்டார். ஒலிநூல்களும் அதை நம்பி நீதிபதிக்குச் செய்தி வாசிப்பாளர் குரலைக் கொடுக்கின்றன. நீதிபதிக்கும் அவர் நண்பர் பெம்புரோக் ஹாவர்டுக்கும் அந்த 'ர்' தேய்வைக் கொடுத்துப் பாருங்கள். ராக்ஸி தனியாகத் துருத்திக்கொண்டு நிற்க மாட்டாள்.

செவிவழி:
ஆசிரியர் எழுதாததைச் சேர்க்கச் சொல்கிறீர்கள். ட்வெய்ன் காது மந்தமானவர் இல்லையே. 'ஹக்கிள்பெரி ஃபின்'னின் முகப்பில், மிசூரிக் கறுப்பர் பேச்சு, பைக் கவுன்டிப் பேச்சு என்று வகை பிரித்து, பைக் கவுன்டிக்கு மட்டும் நான்கு திரிபுகள் என்று குறிப்பு எழுதிவைத்த ஆள். அவர் நீதிபதியைச் சுத்தமாக விட்டிருக்கிறார் என்றால் யோசித்துத்தான் விட்டிருப்பார். அந்த ஊரில் எஜமானின் பேச்சுதான் சரியான பேச்சு என்ற கிண்டலாகக்கூட இருக்கலாம்.

எழுத்தெண்ணி:
அது கிண்டல் என்றால் அச்சில்தான் கிண்டல். காதுக்கு நீதிபதி நல்லவராக மட்டுமே வந்து சேர்கிறார்.

மைக்முனை:
கொள்கைச் சண்டை ஒரு பக்கம் ஓடட்டும். பதிவுல கெட்டுப்போறது பெரும்பாலும் வேற காரணத்தால. 18ஆம் அத்தியாயத்தை எடுத்துக்குங்க. டாம் பெத்த தாயையே ஆர்க்கன்ஸா பருத்தித் தோட்டக்காரனுக்கு வித்துடுறான். ராக்ஸி தப்பிச்சு ஆம்பள வேஷத்துல வந்து நடந்ததைப் பக்கம் பக்கமா சொல்றா. அந்தப் பேச்சுல முதல் ரெண்டு நிமிஷம் 'டாட்'னு ஒலிச்சது பத்தாவது நிமிஷத்துல 'தட்' ஆயிடுது. வாசிக்கிறவர் களைச்சுப் போயிட்டார், இல்லேன்னா மறுநாள் உட்கார்ந்து மிச்சத்தைப் பதிஞ்சிருக்கார்.

இதுக்கு வழி: மூணே அடையாளம் வெச்சுக்கணும். சொல் முதல்ல 'த' வந்தா 'ட'. சொல் கடைசி 'ர்' தேயணும். 'ஐ' வர்ற இடம் நீண்ட 'ஆ', அதாவது 'டைம்' இல்ல, 'டாம்' மாதிரி. (ஆமா, பக்கத்துலயே டாம்னு ஒருத்தன் இருக்கான், அங்க மட்டும் பாத்து.) அதுக்கு மேல அடுக்கினா நடிப்பு தெரியும். பாத்திரத்துக்கு ஒண்ணா 20 செகண்ட் மாதிரித் துண்டு பதிஞ்சு வெச்சுக்கிட்டு, ஒவ்வொரு தடவை மைக் முன்னால உட்காரும்போதும் முதல்ல அதைக் கேட்டுட்டுத்தான் ஆரம்பிக்கணும்.

ஆம்பள வாசிப்பாளர் ராக்ஸிக்குக் குரலை மேல தூக்கவே வேணாம். கொஞ்சம் வேகம் குறைச்சு, மூச்சைக் கொஞ்சம் கலந்து விட்டாலே போதும். கீச்சுக்குரல் போட்டா அரை மணி நேரத்துல கேக்கறவர் மூடி வெச்சுடுவார்.

ரேகை சொன்ன 2ஆம் அத்தியாயக் கத்தல் இருக்கே, அதுதான் நிறைய பேர் தோக்கிற இடம். ஒலிநூல் கடைகள் வழக்கமா கேக்கிற அளவு: சராசரி ஒலி மைனஸ் 23க்கும் மைனஸ் 18க்கும் நடுவுல, உச்சம் மைனஸ் 3 டெசிபலைத் தாண்டக் கூடாது, பின்னணி இரைச்சல் மைனஸ் 60க்குக் கீழ. அதே இடத்துல உட்கார்ந்து கத்தினா உச்சம் வெட்டுப்படும். அதைச் சரிபண்றேன்னு ஒலியோட ஏற்ற இறக்கத்தைக் குறைக்கிற கம்ப்ரஸர் போட்டா கத்தலும் பேச்சும் ஒரே மட்டத்துக்கு வந்துடும், தூரம் போச்சு. ஒரு ரெண்டடி பின்னால போய், முகத்தைக் கொஞ்சம் திருப்பி, குரலை உயர்த்தி, ஆனா தொண்டையில பாதி அடக்கிச் சொல்லணும். அறை எதிரொலி கொஞ்சம் ஏறும். அந்தக் காட்சிக்கு அது நல்லதுதான்.

நதிவாசி:
இவ்வளவு மெனக்கெட இது தகுதியான நாவலா என்று முதலில் கேளுங்கள் சாமி. 1830இல் ஒரு ஊர் வக்கீல் கைரேகை சேகரிக்கிறாராம். இங்கிலாந்துக்காரர் வில்லியம் ஹெர்ஷல் வங்காளத்தில் ஒப்பந்தத்தில் கைப்பதிவு வாங்கியதே 1858. ஆங்கில விஞ்ஞானி கால்டனின் கைரேகைப் புத்தகம் 1892. ட்வெய்ன் அதைப் படித்துவிட்டு அறுபது வருடம் பின்னால் கொண்டுபோய் ஒட்டிவிட்டார். அந்த ஊருக்கு வந்து சேரும் இத்தாலிய இரட்டையர், லூயிஜியும் ஏஞ்சலோவும், இன்னும் மோசம். முதலில் ஒட்டிப் பிறந்தவர்களாக ஒரு கேலிக்கதையில் இருந்தவர்கள். அதிலிருந்து பிய்த்துத் தனித்தனி ஆளாக்கினார், தையல் அப்படியே தெரிகிறது. சின்ன வயதில் பெர்லினில் ஒரு காட்சிசாலையில் தங்களை வைத்துக் காட்டினார்கள் என்கிறார்கள். சாதாரண இரட்டையரை எந்தக் காட்சிசாலைக்காரன் டிக்கெட் போட்டுக் காட்டுவான்?

ரேகை:
இரட்டையர் விஷயத்தில் உங்கள் பக்கம்தான். ஆனால் ரேகையில் காலம்தான் தவறு, செய்முறை சரி. ஐந்து அங்குல நீளம், மூன்று அங்குல அகலக் கண்ணாடித் துண்டுகள், வைக்கப் பள்ளம் வெட்டிய பெட்டி. முதலில் தலைமுடியில் கையைக் கோதச் சொல்கிறார், எண்ணெய்ப் பசை ஒட்டுவதற்கு. பிறகு கட்டைவிரல், அடுத்து மற்ற விரல்கள் வரிசையாக. கீழே ஒட்டிய தாளில் பெயர், எந்தக் கை, தேதி. ஒரே குழந்தையிடம் சில மாத இடைவெளியில் திரும்ப எடுக்கிறார், அதனால்தான் தொட்டில் மாறியது எப்போது என்று பிடிபடுகிறது. நீதிமன்றத்தில் பெரிதாக்கி வரைந்து காட்டுகிறார். அமெரிக்க மேல்நீதிமன்றம் ஒன்று கைரேகைச் சாட்சியத்தை ஏற்று இலினாயில் தீர்ப்பு வந்தது 1911இல்தான், நாவல் வந்து 17 வருடம் கழித்து.

நீதிபதியைக் குத்திய கத்தியை மறந்துவிட்டீர்களே. பரோடா மன்னர் கெய்க்வாட் லூயிஜிக்குக் கொடுத்த கத்தி. அந்தப் பெயரை நம் ஊர்க்காரர் யாராவது வாசித்தால் தேவலை. மற்றவர்கள் வாயில் அது கடிபடுகிறது.

செவிவழி:
கறுப்பர்களை இழிவுபடுத்தும் அந்த வசைச் சொல்லை என்ன செய்வது? ராக்ஸியே மகனைப் பார்த்துச் சொல்கிறாள். சிலர் அதை விழுங்கிவிட்டுப் போகிறார்கள்.

எழுத்தெண்ணி:
விழுங்கக் கூடாது. அவள் வாயிலேயே அந்தச் சொல் ஏறியிருப்பதுதான் கொடுமை. தொடக்கத்தில் ஒரு வரி எச்சரிக்கை வைத்துவிட்டு உள்ளபடி வாசிக்கட்டும்.

மைக்முனை:
இன்னொண்ணு. மணிக்கு 9,300 சொல்னு கணக்கு வெச்சா இந்தப் புத்தகம் அஞ்சரை மணி நேரத்தை ஒட்டி வரும். தன்னார்வலர்கள் அத்தியாயம் அத்தியாயமா பிரிச்சுப் படிச்ச பதிவுல ராக்ஸிக்கு ஊருக்கு ஒரு குரல். தாய் மகனிடம் உண்மையைப் போட்டு உடைக்கிறது ஒருத்தர் குரல், அடுத்த அத்தியாயத்துல வேறொருத்தர். இந்தக் கதைக்கு ஒரே ஆள் வாசிச்ச பதிவை எடுங்க. ஒன்றரை மடங்கு வேகத்துலயும் கேக்காதீங்க, தேய்ஞ்ச 'ர்' எல்லாம் மொத்தமா காணாமப் போயிடும்.

அத்தியாயத் தலைப்புல வர்ற வில்சனின் நாட்காட்டி வாசகங்களுக்கு முன்னால ஒரு செகண்ட், பின்னால ரெண்டு செகண்ட் அமைதி விடணும். விடலேன்னா கதையோட ஒட்டிக்கிட்டு, வில்சன் ஏதோ ஊரார்கிட்ட சொல்ற மாதிரி ஆயிடும். கதையில நீதிபதி அதுல சிலதை ஊர்ப் பெரியவங்களுக்குப் படிச்சுக் காட்டினப்போ, பட்டப்பேர் சரிதான்னு அவங்க முடிவே பண்ணிட்டாங்க.

நதிவாசி:
சரி, கடைசி வாக்கியத்தைச் சொல்லுங்கள். நீதிபதியைக் கொன்ற டாமுக்கு ஆயுள் தண்டனை. உடனே கடன்காரர்கள் வருகிறார்கள்: ராக்ஸியின் பழைய எஜமான் பெர்சி டிரிஸ்கலின் சொத்து கடனில் 60 சதவீதம்தான் அடைத்தது, இவன் அந்தச் சொத்தில் சேர வேண்டிய அடிமை, கணக்கில் விடுபட்டுப் போனான். ஆளுநர் மன்னித்து விடுவிக்கிறார், அவர்கள் கீழ்நதிக்கு, அதாவது தெற்கே தோட்டங்கள் உள்ள பக்கம், விற்றுவிடுகிறார்கள். கேட்ட பதிவுகளில் எல்லாரும் அந்த இடத்தில் குரலைத் தாழ்த்தி, நிறுத்தி, துக்க வீட்டு வாசிப்பு வாசிக்கிறார்கள்.

செவிவழி:
இதில் மட்டும் நான் சொன்னதை ஒப்புக்கொள்ளுங்கள். நடிப்பே வேண்டாம். கடைக்காரர் பில் படிப்பது போலப் படித்தால் போதும்.

ரேகை:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வாக்கியம் கதைசொல்லியுடையது, ராக்ஸியுடையது இல்லை. 2ஆம் அத்தியாயத்தை உங்களுக்கு விட்டுத்தர மாட்டேன்.