வெளியுறவுக் கொள்கை படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?
வணக்கம். ஒரு நாடு வெளியுறவு முடிவை எப்படி எடுக்கிறது என்று படிக்க ஆரம்பித்து, 1962 கியூபா ஏவுகணை நெருக்கடியிலேயே (சோவியத் யூனியன் கியூபாவில் அணு ஏவுகணைகளை வைத்ததால் அமெரிக்காவோடு வந்த மோதல்) மாட்டிக்கொண்டு நிற்கிறேன். அமெரிக்க அதிபர் கென்னடியின் ஆலோசகர்களில் பலர் முதலில் குண்டு வீசத்தான் சொன்னார்கள், கடைசியில் கடற்படை முற்றுகை என்று முடிவானது, அதையும் முற்றுகை என்றால் போர்ச் செயலாகிவிடும் என்று 'குவாரன்டைன்' என்றார்கள் (பெயர் வைப்பதுகூட ராஜதந்திரம்தான் போல). துருக்கியிலிருந்த தங்கள் ஜூபிட்டர் ஏவுகணைகளை எடுப்பதாக சோவியத் தரப்பிடம் சொன்னதோ பரம ரகசியம். அப்படியானால் முடிவெடுத்தது அதிபரா, அந்த அறைக்குள் நடந்த இழுபறியா? இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

அப்புறம், எடுத்த முடிவு தூதரகம், ராணுவம் என்று கீழே இறங்கும்போது எப்படி உருமாறுகிறது என்பதற்கு என் பாடப்புத்தகத்தில் அரைப் பக்கம்தான். நல்ல உதாரணம் தெரிந்தால் சொல்லுங்கள். கோட்பாடு வேண்டாம், அது என்னிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறது.