வரப்புக் கல்லுக்காக ரோட்டை நிறுத்தணுமா?

சைட்_குமார்:
தென்னாப்பிரிக்காவுல லைடன்பர்க் பக்கம் ரோட்டை அகலப்படுத்துறோம். புதரை வெட்டி மேல்மண்ணைச் சீவினப்போ சரிவுக்குக் குறுக்கே, ஒண்ணுக்குக் கீழே ஒண்ணா நாலு கல் வரிசை. தொல்லியல் ஆள் வந்து வேலையை நிறுத்தச் சொல்லிட்டார். இன்னியோட பதினெட்டு நாள். எக்ஸ்கவேட்டர் சும்மா நிக்குது, வாடகை ஓடுது. தங்கம் கிடைச்சாக்கூடப் பரவால்ல, வரப்புக் கல்லுக்கா இந்த அமளி?

மலைக்காட்டான்:
குமார், அது வெறும் வரப்பு இல்ல. கொடைக்கானல்ல பூண்டு போடுற படி வயல் பார்த்திருப்பீங்களே, அதேதான். ஓரிக்ஸ்டாட்லேர்ந்து கரோலினா வரைக்கும் சுமார் 150 கிலோமீட்டருக்கு இப்படித்தான் கிடக்கு. போக்கோனின்னு பேரு. ஏறத்தாழ 1500லேர்ந்து 1820 வரைக்கும் கோனிங்கிற ஆப்பிரிக்க மக்கள் சோளமும் கம்பும் விளைவிச்ச நிலம். 300 மீட்டரைத் தாண்டின ரோடுன்னா திட்டம் போடும்போதே பாரம்பரியத் துறைக்குச் சொல்லணும்னு 1999 சட்டத்துல 38ஆம் பிரிவே இருக்கு. முன்கூட்டியே சர்வே எடுக்கலையா?

சைட்_குமார்:
எடுத்தாங்க. அப்போ புல் ஆள் உயரம். வந்தவங்க காரை விட்டே இறங்கல. இப்போ தலைவலி எனக்கு.

சோழன்_கப்பல்:
கோனியாவது ஒண்ணாவது! தங்கம் தேடி வந்த நம்ம திராவிட வணிகருங்க கட்டினது. வரலாற்று ஆய்வாளர் ரோம்னிக் 1981லயே எழுதிட்டார். வெள்ளைக்காரன் வரலாறு அதை மறைக்குது.

மலைக்காட்டான்:
ரோம்னிக்கும் ஸ்லோவாக்கியாவுல பிறந்த வெள்ளைக்காரர்தானே சோழரே. டீலியஸ், மாக்ஸ், ஸ்கூமன்னு வரலாறு, தொல்லியல் ஆய்வாளருங்க வருஷக்கணக்கா ஆராய்ஞ்ச இடம் இது. கிடைச்சது அரைக்கிற கல்லும் உள்ளூர்ப் பானை ஓடும்தான். ஆப்பிரிக்கர் கட்டின பழைய கல் நகரம் கிரேட் சிம்பாப்வேயை, மத்தியதரைக் கடல் வணிகரான ஃபினீஷியர் கட்டினாங்கன்னு சொன்னாங்களே, அந்தப் பேச்சுக்குத் தமிழ் வேஷ்டி கட்டாதீங்க.

சோழன்_கப்பல்:
நம்ம பெருமையைச் சொன்னா ஏன்தான் வலிக்குதோ.

டர்பன்_பாட்டி:
தம்பி சோழன், 1860ல ட்ரூரோ கப்பல்ல சென்னையிலேர்ந்து வந்தவங்க பேத்தியோட மக நான். நமக்கும் இந்த நாட்டுல வரப்பு உண்டு, கடன் வாங்க வேண்டாம். டர்பன்ல கேட்டோ மேனர்ல எங்கப்பா கத்தரியும் மிளகாயும் போட்டார். வாய்க்கால் கரைக்கு அம்மா தலையில சுமந்து வந்த கல்லு. இனவாரியா குடியிருப்பைப் பிரிச்ச குரூப் ஏரியாஸ் சட்டத்துல காலி பண்ண வச்சு, புல்டோசர் விட்டு நிரவினாங்க. அன்னிக்கு அளக்க ஒருத்தரும் வரல. குமாரு, பதினெட்டு நாள் எனக்குப் பெரிசாத் தெரியலப்பா.

சைட்_குமார்:
பாட்டி, உங்ககிட்ட வாதாட வரல. ஆனா என் பசங்களுக்குக் கூலி யார் குடுப்பா? அதையும் சட்டத்துல எழுதியிருக்கலாம். அது இருக்கட்டும், இன்னிக்கு ஒண்ணு பார்த்தேன். கல் வரிசைக்கு நடுவுல சந்து மாதிரி மேல ஏறுது, ரெண்டு பக்கமும் சுவர். அதுவும் வயலா?

மலைக்காட்டான்:
இல்ல, மாட்டுப் பாதை. வீட்டுக்கு நடுவுல பட்டி இருக்கும். மாடு பயிர்ல இறங்காம நேரா அங்க போகத்தான் ரெண்டு பக்கமும் சுவர்.

சைட்_குமார்:
அட, ரோடா! நாங்க போடுறதும் அதே வளைவுலதான் திரும்புது. நாளைக்குக் காலைல டேப் வச்சு அளந்துட்டுப் படம் போடுறேன்.