கேப் கற்றாழையை அதன் காட்டிலேயே பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

பாதசாரி:
போன ஜூலை, தென்னாப்பிரிக்காவில் ஆல்பர்டீனியா பக்கம். கேப் கற்றாழை, அதாவது ஆலோ ஃபெராக்ஸ், எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இலையில் வடியும் கசப்புப் பாலை எடுப்பவர் ஒருவர் அடிவரிசை இலைகளை மட்டும் அரிந்து, தரையில் தோண்டிய குழியைச் சுற்றி வெட்டுவாய் உள்ளே பார்க்க அடுக்கிக்கொண்டிருந்தார். நடுவில் இருக்கும் சோறு நிறமற்றது. பால் தோலை ஒட்டித்தான் கசிகிறது. மஞ்சளாக இறங்கியது என் விரலிலேயே பழுப்பாகிவிட்டது. நுனிநாக்கில் தொட்டேன், சாயங்காலம் வரை கசப்பு போகவில்லை.

ஆனால் மனசில் நிற்பது வேறு. ஆளுயரத் தண்டு முழுக்கக் காய்ந்த இலைகள் பாவாடை போலத் தொங்கின. "இதையும் உரித்துவிட்டால் வேலை சுலபமாகுமே?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் வேலிக்கு அப்பால் கையைக் காட்டினார். புல் எரிந்த நிலம். பாவாடை கருகியவை உச்சியில் பச்சையோடு நின்றன. தண்டு மொட்டையாக இருந்த ஒன்று மட்டும் வதங்கிச் சாய்ந்து கிடந்தது. அப்படி ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டோமே என்று இன்னும் உறுத்துகிறது.

வேங்கை:
ஃபெராக்ஸில் முள் இலையின் முதுகிலும் இருக்குமே, நீங்கள் அதைச் சொல்லவே இல்லை. நான் தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ மாகாணத்தில் பார்த்தபோது பூக்கதிர்கள் எல்லாம் கிடையாகப் படுத்திருந்தன. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடினேன். நீங்கள் பார்த்தது ஃபெராக்ஸ்தானா?

நிலவேம்பு:
வேங்கை, கதிர் படுத்திருந்தால் அது ஆலோ மார்லோத்தி என்ற வேறு கற்றாழை இனம். ஃபெராக்ஸில் ஒரே பூத்தண்டு பல கிளையாகப் பிரிந்து, கதிர்கள் நிமிர்ந்து நிற்கும். முதுகு முள்ளை வைத்து முடிவு செய்யாதீர்கள். அது மார்லோத்தியிலும் உண்டு, ஃபெராக்ஸிலோ செடிக்குச் செடி மாறும். இளஞ்செடியில் அதிகம், உயரமாக வளர்ந்ததில் குறைவு. ஆடுமாடு வாய்க்கு எட்டும் வயதில்தானே முள் தேவை!

தாழை:
நான் பார்த்தது சாலையோரத்தில் ஒரு கைப்பிடி உயரக் கன்று, அவ்வளவுதான். பிடுங்கிக் கொண்டுவர ஆசை வந்தது, விட்டுவிட்டேன். நீங்களும் தொடாதீர்கள். காட்டுச் செடிகள், விலங்குகளின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் இருக்கும் செடி இது. கற்றாழைகளில் சோற்றுக் கற்றாழைக்கு மட்டும்தான் விலக்கு. அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டினால் சிக்கல். வளர்த்தே ஆக வேண்டும் என்றால் முறையாக விற்கும் விதையை வாங்குங்கள். மணல் கலந்த மண், நல்ல வெயில், தண்ணீர் தேங்காத இடம். அப்புறம் பாதசாரி, பாலை நாக்கில் வைத்ததைப் படித்ததும் பதறிவிட்டேன். காய்ச்சி இறுக்கினால் அதுதான் கரியபோளம், கடுமையான பேதி மருந்து. கர்ப்பிணிகள் பக்கத்திலேயே போகக் கூடாது.

பாதசாரி:
ஒரு சொட்டுதான் தாழை, உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. வேங்கை, படங்களை எடுத்துப் பார்த்தேன், கதிர்கள் நிமிர்ந்துதான் நிற்கின்றன. ஒன்றில் தூக்கணாங்குருவி இனத்துப் பறவை ஒன்று தேன் குடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறது. அலகிலிருந்து நெற்றி வரை மகரந்தம் அப்பியிருக்கிறது. அன்றைக்கு அங்கே நின்றபோது அதை நான் கவனிக்கவே இல்லை.