அக்கா துணி, அண்ணன் சட்டை: எங்கள் வீட்டில் நடந்தது

மூன்று பெண்களில் நான் கடைசி. எனக்கு விவரம் தெரிந்து பள்ளிச் சீருடை புதிதாக வந்தது ஒரே ஒரு தடவை, அதுவும் பள்ளி மாறி நிறம் மாறியதால். மற்றபடி பெரியக்காவிடமிருந்து சின்னக்காவுக்கு, அவளிடமிருந்து எனக்கு. "வளர்ற பிள்ளை" என்று சொல்லி, தைக்கக் கொடுக்கும்போதே பாவாடையின் கீழே நாலு விரல் துணியை உள்ளே மடித்துத் தைக்கச் சொல்லிவிடுவார் அம்மா. அக்கா வளர வளரப் பிரிப்பார், அடுத்தவளுக்கு வரும்போது திரும்ப மடிப்பார், அப்புறம் அவளுக்கும் பிரிப்பார். என் முறை வந்து பிரிக்கும்போது பாவாடை முழுக்க வெளுத்திருக்கும், உள்ளே மடிந்திருந்த இடம் மட்டும் அசல் நீலத்தில் பட்டையாகத் தெரியும், அதற்கு மேலே பழைய தையல் ஓட்டைகள் வரிசையாக. வகுப்பில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனாலும் உட்காரும்போதெல்லாம் புத்தகப் பையை அந்தப் பட்டைக்கு மேல் வைத்துக்கொள்வேன்.

அம்மா மேல் எனக்குக் கோபமே இல்லை, மூன்று பேரை வளர்க்க வேறு வழி கிடையாது. மனதில் தங்கிப்போனது வேறு. ஒருநாள்கூட யாரும் என்னைக் கேட்டதில்லை. "இந்தா, உனக்குச் சரியா இருக்கும்" என்று மடியில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு தடவை அப்பா எனக்கென்று ஒரு குடை வாங்கி வந்தார். கைப்பிடியில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையை ஒரு மாதம் நான் பிரிக்கவே இல்லை.

அதனால் எனக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தபோது எல்லாமே புதிதுதான் என்று பிடிவாதமாக இருந்தேன். மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. குழந்தையின் எடை சுமார் 5 மாதத்தில் இரண்டு மடங்காகிறது, ஒரு வயதில் மூன்று மடங்கு, உயரம் முதல் வருடத்தில் மட்டும் ஏறக்குறைய 25 செ.மீ. கூடிவிடுகிறது. ஆசையாக வாங்கிய சட்டைகளில் பாதி இரண்டாவது சலவைக்கு முன்பே பத்தாமல் போனது, பரணில் பெரியவனுடைய சட்டைகள் சாயமும் கஞ்சியும் போய்ப் பஞ்சு மாதிரிக் கிடந்தன. சின்னவனின் தோலுக்கு அதுதான் ஒத்துக்கொண்டது. சரி என்று பெட்டியை இறக்கினேன்.

நான் எதிர்பார்க்காதது பெரியவனிடமிருந்து வந்தது. அவனுக்கு அப்போது ஆறு வயது. மண் அள்ளும் வண்டி படம் போட்ட மஞ்சள் டிசர்ட் ஒன்று, அவனுக்குத் தொப்புள் தெரிகிற அளவுக்குக் குட்டையாகி வருடம் ஒன்றாகிறது. சின்னவனுக்குப் போட்டுக் கூட்டி வந்தேன். பெரியவன் கதவோரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தான், அழவில்லை, கிட்டே வந்து தம்பியின் நெஞ்சில் இருந்த அந்த வண்டியை ஒரு விரலால் தடவிவிட்டு "அது என்னோடது" என்று மெதுவாகச் சொன்னான். பழசை வாங்குகிறவளின் வருத்தம் எனக்கு அத்துப்படி. கொடுக்கிறவனையும் கேட்க வேண்டும் என்று அன்றுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

இப்போது இருவரையும் உட்காரவைத்துத்தான் பெட்டியைத் திறக்கிறேன். எதைத் தரலாம் என்று பெரியவன் சொல்வான், எது பிடிக்கிறது என்று சின்னவன் எடுப்பான், வேண்டாம் என்றால் வேறு யாருக்காவது போகும். பெரியவனுக்கு ஒன்று வாங்கும் அன்றைக்குச் சின்னவனுக்கும் ஏதாவது ஒன்று புதிதாக, சாக்ஸ் என்றாலும் சரி.

செருப்பும் ஷூவும் மட்டும் கைமாறாது. பெரியவனின் பழைய ஷூவுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், ஐந்து விரலும் பதிந்த பள்ளம், குதிகால் வெளிப்பக்கமாகத் தேய்ந்து சாய்ந்திருக்கும். அவன் நடைக்கு வளைந்ததில் இன்னொரு பிள்ளையை ஏன் நடக்கவிட வேண்டும்?

உங்கள் வீடுகளில் எப்படி?

*

நான் மூத்தவன், அதனால் அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன். எனக்கு எல்லாமே புதுசுதான். ஆனால் போட்ட நிமிடத்திலிருந்து "தம்பிக்கு வேணும், கிழிச்சிடாதே, கறை படுத்தாதே." மைதானத்தில் எல்லோரும் சறுக்கி விழுந்து பந்து பிடிப்பார்கள், நான் நின்றபடியே பிடிப்பேன், முட்டி கிழிந்தால் தம்பிக்கு இல்லாமல் போகுமே. என் சைக்கிளையும் அப்படித்தான் துடைத்துத் துடைத்து வைத்திருந்தேன். தம்பி அதை வாங்கிய முதல் வாரமே சுவரில் மோதிக் கொண்டுவந்தான், வீட்டில் யாரும் திட்டவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த அழுகை சைக்கிளுக்காக மட்டும் இல்லை. இன்று என் மகளுக்குத் துணி எடுத்தால், இது உன்னோடது, கிழிந்தால் கிழியட்டும் என்று சொல்லித்தான் கொடுக்கிறேன். நன்றாக மிஞ்சினால் அடுத்தவளுக்கு, இல்லையென்றால் கரித்துணி.

*

அக்கா, ஷூ பற்றிச் சொன்னது ரொம்பச் சரி. அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உறவில் ஒருவர் பாசமாகக் குழந்தையின் கார் சீட்டைக் கொடுத்தார். திருப்பிப் பார்த்தால் அடியில் காலாவதி வருடம் அச்சடித்திருக்கிறது, அது தாண்டி இரண்டு வருடமாகிவிட்டது. பெரிய விபத்தில் மாட்டிய சீட்டும் கூடாது, வெளியே கீறல் இல்லாவிட்டாலும் உள்ளே விட்டுப்போயிருக்கும். ஹெல்மெட்டும் அப்படித்தான், உள்ளே இருக்கிற தெர்மாகோல் ஒரு பலத்த அடியைத் தாங்கி நசுங்கினால் அதோடு அதன் வேலை முடிந்தது. பக்கக் கம்பியை ஏற்றி இறக்கும் குழந்தைக் கட்டில் யாராவது தந்தால் வாங்காதீர்கள், கம்பி கழன்ற இடுக்கில் குழந்தைகள் சிக்கி இறந்ததால் 2011-லேயே அமெரிக்காவில் அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். கொடுத்தவரிடம் மறுக்க எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. உள்ளதைச் சொன்னேன், அவரும் புரிந்துகொண்டார்.

*

கார் சீட்டில் தேதி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது, ரொம்ப நன்றிம்மா.

மூத்தவராகப் பேசியவருக்கு: உங்கள் பதிவைப் படித்துவிட்டு என் பெரியக்காவுக்குப் போன் போட்டேன். அந்த நீலப் பாவாடையில் ஒருதரம் மை கொட்டிவிட்டதாம், பயந்துபோய்ப் பள்ளிக் குழாயடியிலேயே அலசி, ஈரத்தோடு மத்தியானம் முழுக்க வகுப்பில் உட்கார்ந்திருந்தாளாம். "உங்க ரெண்டு பேருக்கும் வேணுமேடி" என்றாள். இத்தனை வருடத்தில் இப்போதுதான் சொல்கிறாள்.