பழைய முண்டு நேரியலைப் பார்த்து அதே மாதிரி நெய்ய வைக்கணும்: நெசவாளருக்கு என்னென்ன விவரம் கொடுக்கணும்?

கோட்டாறு_பேத்தி:
நாகர்கோவில் வடசேரியில் வாங்கிய பழைய முண்டு நேரியல் (இடுப்பில் கட்டும் துணியும் மேலே போடும் துணியும்) ஒரு செட் பாட்டி பெட்டியில் இருக்கிறது. இரு பக்கமும் அரை அங்குலச் சரிகைக் கரை, உடம்பில் வேறு வேலைப்பாடு இல்லை. மஸ்கட், பெங்களூரு, சென்னை என்று சிதறிக் கிடக்கும் பேத்திகள் எட்டுப் பேர் வாட்ஸப் குழுவில் பேசி, ஆளுக்கொரு செட் அதே மாதிரி நெய்து வாங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். தெரிந்த நெசவாளர் ஒருவருக்குப் போட்டோ அனுப்பினோம். அவர் கேட்டது மூன்று: நூல் எத்தனாம் நம்பர், அச்சு (இழைகளின் நெருக்கத்தைத் தீர்மானிக்கும் பல் வரிசை) என்ன, பாவு (நீளவாக்கு இழை) எத்தனை மீட்டர்? துணியை வெட்டாமல் இதையெல்லாம் கண்டுபிடிக்க முடியுமா? வடசேரியில் வாங்கியது என்றால் அங்கேயே நெய்ததுதானா என்றும் தெரிந்தால் நல்லது.

ஊடை_நாடா:
முடியும். போட்டோவில் நிறமும் கரை அகலமும் தெரியும், நெருக்கம் தெரியாது. நெசவுக்கு நெருக்கம்தான் கணக்கு.

முதலில் துணியைச் சாதாரணத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு கஞ்சியைப் போக்குங்கள். பிழியாமல் நிழலில் விரித்துக் காயவையுங்கள். இஸ்திரி போட்டால் துணி இழுபட்டு எண்ணிக்கை மாறிவிடும்.

கரை ஓடுகிற திசை பாவு, அதற்குக் குறுக்கே ஊடை. கரையிலிருந்து நாலு விரல் தள்ளி ஒரு ஸ்கேலை வைத்து, ஒரு அங்குலத்தின் இரண்டு முனையிலும் குண்டூசி குத்தி, இடையில் இருக்கும் பாவு இழைகளை எண்ணுங்கள். கரைக்குள் எண்ணாதீர்கள், அங்கே இழை அடர்த்தியாகக் கோத்திருப்பார்கள். கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் ஸ்கேலோடு சேர்த்து போனில் கிட்டத்தில் படம் எடுத்து, பெரிதாக்கி எண்ணலாம். மூன்று இடத்தில் எண்ணி சராசரி எடுக்கணும். ஊடைக்கு ஐந்து இடமாவது வேண்டும். கைத்தறியில் பலகை அடிக்கிற கை காலையில் ஒரு மாதிரி, சாயங்காலம் ஒரு மாதிரி. எல்லா இடத்திலும் ஊடை ஒரே எண் வந்தால்தான் விசைத்தறியோ என்று சந்தேகப்படணும்.

நூல் நம்பருக்கு எடை பார்க்கணும். துணியின் வெட்டு முனையில், சரிகைக் கோடு இல்லாத இடத்தில், முழு அகலத்துக்கும் எட்டு ஊடை இழையை உருவி எடுங்கள். துணிக்கு ஒரு சேதமும் வராது. இழையின் நெளிவு போக நீட்டி அளந்து மொத்த நீளத்தைக் குறியுங்கள். மில்லிகிராம் காட்டும் தராசுள்ள நகைக்கடையில் எட்டையும் சுருட்டி வைத்து நிறுக்கச் சொல்லுங்கள். வடசேரியில் நகைப் பட்டறைக்கா பஞ்சம்! பத்து மீட்டர் நூல் 74 மில்லிகிராம் இருந்தால் 80-ஆம் நம்பர், 59 என்றால் 100, 49 என்றால் 120. பழைய துணி தேய்ந்து எடையைக் குறைத்துக் காட்டும். கணக்கில் 105, 108 என்று வந்தாலும் 100 என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கோட்டாறு_பேத்தி:
பார்த்துவிட்டேன் அண்ணே. பாவு அங்குலத்துக்கு 88, ஊடை 77 முதல் 82 வரை. அகலம் 46 அங்குலம். ஒரு ஊடை இழையை நீட்டினால் 48 அங்குலம் வருகிறது. எட்டும் சேர்ந்து 58 மில்லிகிராம். நீளம் முண்டு 2.8 மீட்டர், நேரியல் 2.8 மீட்டர்.

அச்சு_பல்லு:
அப்போ 100-ஆம் நம்பர்தான் தங்கச்சி, சந்தேகமே வேண்டாம். 48 அங்குலம் எட்டு தடவை, 9.75 மீட்டர். நூறாம் நம்பர் நூல் ஒரு கிராமுக்கு சுமார் 169 மீட்டர் ஓடும். உங்கள் கணக்கில் 168 வருகிறது.

ஆனால் 88 என்று எண்ணியதை அப்படியே "88 அச்சு" என்று சொல்லிவிடாதீர்கள். வெளியூர் ஆர்டர்கள் பெரும்பாலும் கெடுவது இங்கேதான். தறியை விட்டு இறங்கியதும் துணி அகலத்தில் ஒடுங்கும், தண்ணீர் பட்டால் இன்னும் ஒடுங்கும். நீங்கள் எண்ணியது ஒடுங்கிய பிறகு உள்ள நெருக்கம். 46 அங்குலத்தில் 88 என்றால் மொத்தம் 4,048 இழை. அதே இழை தறியில் 48 அங்குலத்தில் விரிந்திருந்தது என்றால் அங்குலத்துக்கு 84. ஆகவே 84 அச்சு, அதாவது அங்குலத்துக்கு 42 பல்லு, பல்லுக்கு இரண்டு இழை, அச்சில் அகலம் 48 அங்குலம். 88 அச்சில் நெய்தால் துவைத்த பிறகு 92 வந்துவிடும், பாட்டி துணியின் அந்தத் தொய்வு கிடைக்காது.

அந்த நெசவாளரிடம் இன்னொன்று கேளுங்கள்: தறியில் இப்போது எந்த அச்சு கிடக்கிறது? 84-ம் அதே இழை எண்ணிக்கையும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால், புதுப் பாவின் இழைகளைப் பழைய பாவின் முனைகளோடு பிணைத்தால் போதும். வேறு அச்சு என்றால் நாலாயிரம் இழையையும் ஒவ்வொன்றாக, இழையைத் தூக்கி இறக்கும் விழுதுக் கண்ணில் கோத்து, அச்சுப் பல்லில் இழுக்கணும். எட்டு செட்டுக்காக அந்தக் கூலியைக் கொடுப்பது வீண். அவரிடம் 80 அச்சுதான் இருக்கிறது என்றால் நான் 80-க்கே ஒத்துக்கொள்ளச் சொல்வேன். கட்டிப் பார்த்து அந்த வித்தியாசத்தை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

பாவு 50 மீட்டர் கேளுங்கள். இழை நெளிவதிலும் தலைப்பு வால் கழிவிலும் போக, துணி 46 மீட்டர் வாக்கில் வரும். செட்டுக்கு 5.6 வீதம் எட்டு செட் 44.8 மீட்டர். பாவுக்கு நூல் 1.2 கிலோ, ஊடைக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல், சேதாரத்தோடு 2.4 கிலோ. சிட்டமாக (சுற்றிக் கட்டிய நூல் கட்டாக) வாங்கச் சொல்லுங்கள். நூல், சரிகை இரண்டுக்கும் முன்பணம், நெசவுக்கூலி செட் இறங்க இறங்க என்று எட்டுப் பேரும் முதலிலேயே பேசி வைப்பது நல்லது. பாவு ஏறிய பிறகு ஒருவர் விலகினால் அவர் பங்கை நெசவாளர் தலையில் கட்ட முடியாது.

ஊடை 80 என்றால் ஒரு மீட்டருக்கு நாடா (ஊடை நூலைக் குறுக்கே கொண்டு போகும் கருவி) 3,150 தடவை ஓடணும். இரண்டு வாரத்தில் வருமா என்று கேட்காதீர்கள்.

இரணியல்_நூல்:
சரிகையைப் பற்றி யாரும் சொல்லலியே. உங்களுக்க பழைய கரையில ஒரு சரிகை இழையைப் பிரிச்சுப் பாருங்க. உள்ள சிவப்போ மஞ்சளோ சாயம் ஏத்துன பட்டு இழை இருந்து, கொளுத்துனா முடி கருகுன வாசம் வந்தா பழைய அசல் சரிகை. மேல சுத்துனது வெள்ளிக் கம்பி. உருகி உருண்டையா நின்னா பாலியஸ்டர். இப்ப அசல் சரிகை போட்டா எட்டு செட்டுக்க விலை எங்கேயோ போயிரும். செம்புக் கம்பியில வெள்ளி முலாம் போட்டது நடுத்தரம், ஆனா உப்புக்காத்துல கறுக்கும். குளச்சல், மணவாளக்குறிச்சி பக்கம் இருக்கவங்க பருத்தித் துணியில பொதிஞ்சு வைக்கணும், பிளாஸ்டிக் கவர் ஆகாது.

சரிகைப் பாவைத் தனியாச் சுத்தி, தனி எடை தொங்கவிட்டு ஓட்டச் சொல்லுங்க. பருத்தி நெளிஞ்சு நீளம் கொறையும், சரிகை அவ்வளவு கொறையாது. ரெண்டும் ஒரே பாவுல இருந்தா மொதல் துவைப்புலயே கரை அலை அலையாச் சுருங்கிரும். அப்பறம் என்ன இஸ்திரி போட்டாலும் நேராகாது.

நிறம்: பழைய துணி வெளுத்து வெளுத்து வெள்ளையாயிருக்கும். அதைப் பாத்து வெளுத்த நூல் கேட்டிராதீங்க. நெய்யும்போது அது கோராதான், அதாவது வெளுக்காத நூல். போன் திரையில வெள்ளை ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொண்ணாத் தெரியும், அதனால உருவுன இழையில ஒண்ணை அட்டையில ஒட்டித் தபால்ல அனுப்புங்க.

காலமும் பாக்கணும். பாவுக்குக் கஞ்சி போட்டுத் தெருவுல நீட்டித் தூரிகை இழுக்க வெயில் வேணும். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ரெண்டு மழையும் உண்டு, ஆனி ஆடியும் போச்சு, ஐப்பசி கார்த்திகையும் போச்சு. பாதி காஞ்ச பாவைச் சுருட்டுனா இழை ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடும். கஞ்சி கொறைஞ்சா நூல் பஞ்சடிச்சு அறும், கூடுனா வெறைச்சு ஒடியும். ஓணத்துக்கு ரெண்டு மூணு மாசம் முன்ன எல்லாத் தறியும் மலையாளத்து ஆர்டருக்கு ஓடும். அதனால தை பொறந்ததும் பாவு போடுத மாதிரி பேசுங்க.

ஊடை_நாடா:
எங்கே நெய்தது என்ற கேள்விக்கு: கடை வடசேரி என்பதால் தறியும் வடசேரி என்று ஆகிவிடாது. 1949 வரை இது திருவிதாங்கூர்ச் சீமை, பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். கேரளத்துப் பலராமபுரத்தில் நெய்யும் சாலியர்களும் பலராமவர்மா மகாராஜா காலத்தில், அதாவது 1798-க்கும் 1810-க்கும் இடையில், நம் பக்கத்திலிருந்து குடியேற்றப்பட்டவர்கள்தான். இரண்டு இடத்திலும் குழித்தறி, கோரா நூல், சரிகைக் கரை. துணியை மட்டும் பார்த்து ஊர் சொல்வதை நம்பாதீர்கள். துணி முனையில் கூட்டுறவுச் சங்க முத்திரையின் மை மிச்சம் இருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இருந்தால் சங்கத்தின் எண்ணோ பெயரோ கிடைக்கலாம். இல்லையென்றால் வீட்டில் மூத்த பெண்களிடம், எந்தத் தெருவில் எடுத்தது, அந்தக் கரைக்கு என்ன பேர் சொல்லிக் கேட்பார்கள் என்று விசாரியுங்கள். குழுவில் கேட்டால் மஸ்கட்டில் இருப்பவரின் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பேரையும் எண்ணிக்கைகளையும் ஒரே தாளில் எழுதி எட்டுப் பேரும் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பாவுக்கு மறுபடி எண்ண வேண்டாம்.

கோட்டாறு_பேத்தி:
ரொம்ப நன்றி. 84 அச்சு அவரிடமே இருக்கிறதாம், தை மாதம் பாவு போடலாம் என்கிறார். நெய்யத் தொடங்கிய பிறகு நாங்கள் இடையில் பார்க்க வேண்டியது ஏதாவது உண்டா?

அச்சு_பல்லு:
ஒன்றே ஒன்று. முதல் ஒரு அடி நெய்ததும் அதை வெட்டி எடுத்துத் துவைத்து, காயவைத்து, எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். பாவு 86 முதல் 89 வரை, கரை நேராக இருந்தால் ஓட்டலாம். கரை இழுத்தால் சரிகைக்குத் தொங்கவிட்ட எடையை மாற்றணும். வெட்டிய முனையைத் திரும்பக் கட்டுவதில் அரை மீட்டர் போகும், நெசவாளர் முணுமுணுப்பார். கணக்கில் 1.2 மீட்டர் கூடுதல் இருப்பது இதற்குத்தான் என்று சொல்லிவிடுங்கள்.